ஏழாம் குரோமோசோமின் வால்

பக்கத்து வயல்களெல்லாம் துரு நோயில் சாய்ந்து கிடந்தபோது தன் வயல் மட்டும் பச்சையாக நின்றதுதான் குதிரைத்தீனி செய்த முதல் குற்றம். அதை மறைக்காதது இரண்டாவது குற்றம். சாலையோரத்து வயல், மறைக்கவும் முடியாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஓட்ஸைத் தவிர வேறெதையும் விதைக்காத மனிதருக்கு அது வீண் என்று அக்கம்பக்கத்தார் முடிவுசெய்து, பல வருஷங்களுக்கு முன்பே குதிரைத்தீனி என்று மாற்றிவிட்டார்கள். காலையில் டாக்டர் சொன்னார் என்று ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்துதான் அப்படிக் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள ஓரிடத்தில் நிற்க வேண்டும். அவர் நிற்கிற ஆள் இல்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலால் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே துரு நோய் இலைகளின்மேல் ஆரஞ்சுத் தூளைத் தூவி மொத்த வயலையும் தின்றுவிட்டுப் போனபோது, வடக்கு மூலையில் ஒரே ஒரு செடி மட்டும் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றிருந்தது. அதன் மணிகளைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துவந்தார். அடுத்த வருஷம் ஒரு பாத்தி. அதற்கடுத்த வருஷம் கால் வயல். நல்லதைப் பொறுக்கி, நோஞ்சானைத் தள்ளி, விதைத்து, மறுபடி பொறுக்கி, இந்த வருஷம் விதைக்கென்றே பன்னிரண்டு மூட்டை சேர்ந்துவிட்டது. துருவில் எல்லாம் போய்க் கையைப் பிசைந்துகொண்டிருந்த பக்கத்து வயல்காரர்களும் அடுத்த விதைப்புக்கு இதைத்தான் கேட்டு வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் ஓட்ஸ் ஒழுங்கு வாரியத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“உமி கறுப்பா இருக்கே.”

“ஆமாங்க.”

“முதுகுல மீசை வேற இருக்கு.” மணியின் முதுகிலிருந்து முறுக்கிக்கொண்டு நீளமாக ஓர் இழை வந்திருந்தது. அதைத்தான் சொன்னார்.

“இருக்குங்க. எனக்கும்தான் இருக்கு.”

ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் வந்த நோட்டீசில் இப்படி இருந்தது: கறுத்த உமி, முதுகில் மீசை, நோயில் சாகாத பிடிவாதம் ஆகிய காரணங்களால் மேற்படி விதை காட்டு ஓட்ஸ் எனச் சந்தேகிக்கப்படுகிறது. உரிமையாளரும் மீசை வைத்துள்ளார். பயிர்தான் என்று இருபத்தொரு நாளுக்குள் நிரூபிக்கத் தவறினால் எரிக்கப்படும்.

யார் எரிக்கப்படுவார் என்பது அதில் தெளிவாக இல்லை.

பன்னிரண்டு மூட்டைகளின் வாயிலும் சிவப்பு அரக்கில் முத்திரை விழுந்தது. விதைப்புப் பருவம் முடியவும் அதே மூன்று வாரம்தான் இருந்தது. வானமோ வாரியத்தைக் கேட்டுக்கொண்டு நகர்கிற ஜாதி இல்லை.

“பயிர்னு எப்படிங்க நிரூபிக்கறது? கஞ்சி வெச்சுக் கொண்டுபோய்க் குடுக்கவா?” என்றார் மனைவி.

“அதெல்லாம் செல்லாதாம். குரோமோசோமப் பார்க்கணுமாம்.”

“அது எங்க இருக்கு?”

“விதைக்குள்ள. ரொம்பச் சின்னது. கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு சரியில்லன்னு கண்ணுக்குத் தெரியற பன்னிரண்டு மூட்டைய எரிப்பாங்களா? நல்லா இருக்கே. போய்ட்டு வாங்க. அங்க போயாவது ஒரு இடத்துல உட்காருங்க.”

வாரியத்தில் உட்கார இடம் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த நேரம் காலை வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. பெரிய கூடத்தின் சுவர் முழுக்க ஒரு படம். அதில் இருபத்தொரு ஜோடிப் புழுக்கள் போல ஏதோ மூன்று வரிசையில், மூன்று நிறத்தில் நின்றன. ஊழியர்கள் வெள்ளைக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படத்துக்கு எதிரே நிமிர்ந்து நின்றார்கள். செயலாளர் பதிவேட்டைத் திறந்து வாசித்தார்.

“ஏ ஒன்று.”

“இருக்கிறது,” என்று ஊழியர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

“ஏ இரண்டு.”

“இருக்கிறது.”

இப்படியே ஏ ஏழு, சி ஏழு, டி ஏழு என்று இருபத்தொன்றும் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. ஊழியர்களின் வருகையை யாரும் எடுக்கவில்லை. அன்று ஒன்பது பேர் வரவில்லை. குரோமோசோம்கள் எல்லாம் வந்திருந்தன.

“பி எங்கம்மா?” என்று பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் மெதுவாகக் கேட்டார் குதிரைத்தீனி. வேர் நுனியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைப்பது அவர் வேலை. வாரியத்தில் எல்லோருக்கும் அவர் ஸ்லைடு அக்கா.

“நம்ம ஓட்ஸ்ல பி கிடையாதுண்ணே. வேற சில காட்டு ஜாதியில இருக்கு. ஆனா எப்பவாவது வந்துட்டா உட்கார வைக்கணும்னு ஒரு அலமாரிய முப்பது வருஷமா காலியா வெச்சிருக்காங்க.”

அந்தப் படத்தைப் பற்றியும் அவர்தான் சொன்னார். எந்தக் காலத்திலோ மூன்று வெவ்வேறு புற்கள், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒன்றோடொன்று கலந்து ஒரே செடிக்குள் குடியேறியிருக்கின்றன. ஆளுக்கு ஏழு ஜோடி கொண்டுவந்ததால் மொத்தம் இருபத்தொரு ஜோடி. அதில் ஏ குடும்பமும் டி குடும்பமும் அக்கா தங்கை மாதிரி அச்சு அசல் ஒன்றாக இருக்கும். சி குடும்பம் மட்டும் கொஞ்சம் தடித்து, தனியாகத் தெரியும்.

“மூணு குடும்பம் ஒரே வீட்டுலயா? சமையல் எப்படி நடக்குது?”

“அதான்ணே நானும் இருபது வருஷமாப் பார்த்துட்டிருக்கேன்.”

செயலாளர் குதிரைத்தீனியைத் தம் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். உயரமான மனிதர். கோட்டுப் பையிலும் அதே இருபத்தொரு ஜோடி, நூலில் தைத்து.

“ஓட்ஸ்ங்கிறது ஒரு செடின்னு நினைச்சிட்டிருக்கீங்க. தப்பு. அது ஒரு ஒழுங்கு. செடி வரும், போகும். ஒழுங்கு நிக்கணும். அந்தப் படத்துல ஒவ்வொரு குரோமோசோமும் அதது இடத்துல எப்படி நிக்குது பார்த்தீங்களா? நாற்பது வருஷமா ஒண்ணுகூட அசையல.”

“படம்ங்களே சார்.”

“அதைத்தான் சொல்றேன். இந்தக் கட்டுப்பாடு செடிங்ககிட்ட இல்ல.”

முதல் வேலை எண்ணுவது. முத்திரை வைக்கும் முன் ஆய்வாளர் ஒரு மூட்டையிலிருந்து எடுத்துவைத்த மணிகளை ஸ்லைடு அக்கா ஈரத் தாளில் முளைக்கப் போட்டார். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் நுனியைக் கிள்ளி, சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். நாற்பத்திரண்டு என்று எழுதினார். ஆனால் விதிப்படி இரண்டு அதிகாரிகள் திரும்ப எண்ண வேண்டும். முதல் அதிகாரி கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்து நாற்பத்தொன்று என்றார். இரண்டாவது அதிகாரி இரண்டு தூசியையும் சேர்த்து நாற்பத்துநான்கு என்றார். அவை தூசி என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அதிகாரி பதவியில் மூத்தவர் என்பதால் தூசிகள் குரோமோசோம்களாகவே இருக்க அனுமதிக்கப்பட்டன. அதிகாரிகள் இருவரின் சராசரி நாற்பத்திரண்டரை வந்தது.

அந்த அரையை என்ன செய்வது என்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அது நான்கு நாள் கூடியது. குதிரைத்தீனி நான்கு நாளும் தாழ்வாரத்தில் நடந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அறுபத்திரண்டு தரைக்கல். ஜன்னலில் மேகம் தெரிந்தால் அறுபத்திரண்டையும் ஓடியே கடந்தார். எட்டாம் நாள் மாலை, அரைக் குரோமோசோம் என்பது கொள்கை அளவில் கிடையாது என்று துணைக்குழு தீர்மானித்து, தேநீர் குடித்துக் கலைந்தது.

“அப்போ நாற்பத்திரண்டுதானே சார்? பயிர்தானே?” என்று மூச்சு வாங்கக் கேட்டார் அவர்.

“காட்டு ஓட்ஸுக்கும் நாற்பத்திரண்டுதான்,” என்றார் செயலாளர்.

“பிறகு எதுக்கு சார் எண்ணினீங்க?”

“எண்ணாம, எண்ணிப் பிரயோஜனம் இல்லன்னு எப்படி எழுதறது?”

வீட்டில் மனைவி இந்தப் பதிலை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அந்த ஆளோட வீட்டம்மாவ நினைச்சா பாவமா இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது கட்டமைப்புப் பரிசோதனை. இதில் மூன்று குடும்பங்களுக்கும் மூன்று நிறத்தில் ஒளிரும் சாயம் ஏற்றுவார்கள். ஏ குடும்பம் சிவப்பு, சி குடும்பம் பச்சை, டி குடும்பம் மஞ்சள். இருட்டறையில் ஸ்லைடு அக்கா அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கரும்பலகையில் யாரோ சுண்ணாம்புத் துண்டுகளை வாரி இறைத்தது போலிருந்தது.

“இந்த ஓரத்துல பாருங்கண்ணே. சிவப்பு ஒண்ணு. அதோட நுனியில?”

“பச்சையா இருக்கே. சிவப்புச் சட்டைக்குப் பச்சைக் கை வெச்சுத் தெச்ச மாதிரி.”

“அதேதான். சி குடும்பத்து ஏழாவதோட வால் உடைஞ்சுபோய் ஏ குடும்பத்து ஆள்கிட்ட ஒட்டிக்கிட்டிருக்கு.”

“வலிக்குமா?”

“செடி நல்லாத்தானே இருக்கு. எனக்கு இதைப் பார்த்தா அழகா இருக்குண்ணே. ஆனா படத்துல இப்படி இல்ல.”

படத்தில் இல்லை என்பது அரை மணி நேரத்தில் வாரியம் முழுக்கப் பரவியது. மூத்த அதிகாரி ஒருவருக்குத் தலைசுற்றி, பி குடும்பத்து அலமாரியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். செயலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். ஒழுங்கு மீறல் அறிக்கை. சம்பவம் நடந்த நாள், நேரம், நேரில் பார்த்த சாட்சிகள் இருவர்.

“நான் பார்க்கல சார்.”

“உங்க வயல்ல நடந்திருக்கு.”

“சார், இது நடந்து சில ஆயிரம் வருஷமாவது இருக்கும்,” என்றார் ஸ்லைடு அக்கா.

செயலாளரின் முகம் இறுகியது. “ஆயிரக்கணக்கான வருஷமா வாரியத்துக்குத் தெரிவிக்கலையா? தாமதத்துக்குத் தனியா விளக்கம் வேணும்.”

அந்த விளக்கத்தைக் குதிரைத்தீனி வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே யோசித்தார். நாலு தாளைக் கசக்கிப் போட்டார். கடைசியில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: “எழுதுங்க. மேற்படி சம்பவம் நடந்த சமயம் நாங்கள் ஊரில் இல்லை.”

அதை வாரியம் ஏற்றுக்கொண்டது. முறையாக எழுதப்பட்ட விளக்கம் என்று செயலாளர் ஓரத்தில் பாராட்டும் எழுதினார். ஆனால் அதனுடன், செடியின் பெற்றோரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வேண்டும் என்றார். பெற்றோர் மூன்று பேர் என்றும், படிவத்தில் இரண்டு கோடுதான் இருக்கிறது என்றும் குதிரைத்தீனி சொன்னபோது செயலாளர் கொஞ்சம் யோசித்தார்.

“மூணாவது ஆளை ‘இதர’வுல போடுங்க.”

“மூணுமே புல்லு சார். கையெழுத்து போடாது.”

“கைநாட்டு வாங்குங்க.”

பதினான்காம் நாள். குதிரைத்தீனி மூன்று புல்லைப் பறித்து மையில் தோய்த்துப் படிவத்தில் அழுத்தினார். அதுவும் சரியாகப் போயிற்று. இறுதி விசாரணை பத்தொன்பதாம் நாள் என்று தேதி குறித்தார்கள். அதற்குள் தென்மேற்கில் இடி உறுமத் தொடங்கிவிட்டது. பக்கத்து வயல்காரர்கள் நிலத்தை உழுது போட்டுவிட்டு, காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர் என்று வந்து அரக்கு வைத்த மூட்டைகளை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர்கூட இப்போது குதிரைத்தீனி என்று கூப்பிடவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

விசாரணைக்கு ஒரு விதி இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட விதைக்குப் பக்கத்தில் வாரியத்தின் மாதிரி ரகத்தை வைத்து ஒப்பிட வேண்டும். ‘வாரியத் தங்கம்’ என்று அதற்குப் பெயர். நாற்பது வருஷமாக அந்த விதியை யாரும் கடைப்பிடித்ததில்லை. தங்கத்தை முளைக்கப் போட்டு நசுக்குவதாவது என்று, வருஷாவருஷம் பண்ணையிலிருந்து வரும் புது மணிகளை மரியாதையாக இரும்புப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். ஸ்லைடு அக்கா போய்ச் சாவியைக் கேட்டார். செயலாளர் பெருமையோடு கொடுத்தார்.

“போடுங்க. அதைப் பார்த்தாவது அந்த ஆளோட விதைக்கு வெட்கம் வரட்டும்.”

இரண்டு நாள் கழித்துத் தாழ்வாரத்தின் நாற்பதாவது தரைக்கல்லில் அக்கா அவரை மடக்கினார். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். 

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. தங்கத்துக்கும் வால் அங்கதான் இருக்கு.”

“எங்க?”

“உங்களுக்கு இருக்கிற அதே இடத்துல. சந்தேகப்பட்டு வாரியம் சான்றிதழ் குடுத்த இன்னும் அஞ்சு ரகத்தையும் போட்டேன். அத்தனைக்கும் பச்சைக் கை. பயிர் ஓட்ஸ்னா இப்படித்தான் இருக்கும்போல.”

“அப்போ படத்துல இருக்கிறது யாரு?”

அதற்கான பதில் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.  அவரை ஜன்னலுக்கு அழைத்துப்போய்க் கீழே சைக்கிள் ஸ்டாண்டைக் காட்டினார். மதிலோரம், துருப்பிடித்த சைக்கிள்களுக்கு நடுவே, யாரும் விதைக்காத காட்டு ஓட்ஸ் கொஞ்சம் மண்டியிருந்தது. அதையும் நசுக்கிப் பார்த்திருந்தார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நின்றது. வால் உடையவில்லை. படத்தைப் பார்த்து வரைந்தது போல இருந்தது.

பத்தொன்பதாம் நாள் விசாரணைக்குத் தலைவர் வந்தார். எண்பது வயது. அந்தப் படத்தை வரைந்தவரே அவர்தான். படம் வரைந்த பிறகு நாற்பது வருஷமாக வேறெந்த வேலையும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. மூன்று மைக்ராஸ்கோப், மூன்றின்மேலும் துணி. எது எது என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். குதிரைத்தீனி உட்காரச் சொல்லியும் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அதையும் சேர்த்து அசைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் முதலாவதில் குனிந்தார். “சிவப்புல பச்சை. ஒழுங்கீனம்.”

இரண்டாவதில் குனிந்தார். “இதுவும் ஒழுங்கீனம். அதே ஆளோட வயலா?”

மூன்றாவதில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “இது பயிர். எவ்வளவு நாளாச்சு இப்படி ஒண்ணப் பார்த்து.”

“ஐயா,” என்றார் ஸ்லைடு அக்கா, “முதலாவது இவரோடது. ரெண்டாவது நம்ம வாரியத் தங்கம். மூணாவது சைக்கிள் ஸ்டாண்டுல முளைச்ச காட்டுப் புல்லு.”

 எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் வெட்கப்படவில்லை. ஏதோ நல்ல நாள் ஞாபகம் வந்தவரைப் போலச் சிரித்தார்.

“அன்னிக்கு நல்ல வெயில். விதைப் பண்ணை இங்கிருந்து அரை மைல். படம் அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும்னு மேலேயிருந்து உத்தரவு. ஜன்னல் வழியாப் பார்த்தேன், கீழேயே ஓட்ஸ் நின்னுது. ஓட்ஸ் ஓட்ஸ்தானேன்னு பறிச்சுக்கிட்டேன்.”

செயலாளர் எழுந்தார். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே அவர் பிறந்திருந்தார்.

“ஐயா தப்புப் பண்ணிட்டார்னே பேச்சுக்கு வெச்சுக்குவோம். அந்தப் படம் நம்ம லெட்டர்ஹெட்டுல இருக்கு. முத்திரையில இருக்கு. வாசல் கேட்டுல இரும்புல வார்த்திருக்கு. இந்தத் தரையில மொசைக்குல இருக்கு. நாலாயிரம் சான்றிதழ்ல இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க, செடிய மாத்தறது சுலபமா, கேட்ட மாத்தறது சுலபமா?”

கேட்டை மாற்றுவது கஷ்டம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. தீர்மானம் கையோடு எழுதப்பட்டது. படம் சரி. எனவே சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் பதினோரு செடிகள் மட்டுமே பயிர் ஓட்ஸ். படத்தோடு ஒத்துப்போகாத மற்ற ஓட்ஸ் அனைத்தும் காட்டு ஓட்ஸ். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்திலிருந்து நாட்டிலுள்ள எல்லா ஓட்ஸ் வயல்களும் காடாயின. அந்த நேரத்தில் வயல்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

“சார், என் மூட்டை?”

“காடு.”

“எரிச்சுடுவீங்களா?”

“பயிருக்கு நடுவுல புகுந்த காட்டைத்தான் எரிக்க எங்களுக்கு அதிகாரம். நாடே காடாயிட்டா எதுக்கு நடுவுல புகுந்ததுன்னு எரிக்கறது? இனிமே உங்க விதைக்கும் வாரியத்துக்கும் சம்பந்தமே இல்ல.”

குதிரைத்தீனிக்குக் கால் தரையில் பாவவில்லை. “அப்போ முத்திரைய எடுத்துடுங்க சார்.”

“அதான் சம்பந்தம் இல்லையே. எப்படி எடுக்கறது?”

“நான் எடுத்துக்கலாமா?”

“வாரிய முத்திரைய உடைக்கறது தண்டனைக்குரிய குற்றம்.”

“அப்போ யாருதான் சார் எடுக்கறது?”

செயலாளர் முதன்முறையாக அவரை மதிப்போடு பார்த்தார். “நல்ல கேள்வி. எழுதிக் குடுங்க.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். மேகம் வயலின் தலைமேல் இறங்கியிருந்தது. விதைக்க மிஞ்சிப்போனால் இரண்டு நாள். நடந்ததை மனைவியிடம் சொல்லி முடித்தார்.

மனைவி மூட்டைகளைப் பார்த்தார். “விதை அவங்களது இல்ல. அவங்களுக்குச் சம்பந்தமும் இல்ல. அப்போ இந்த அரக்கு யாரோடது?”

“யாரோடதும் இல்ல.”

“யாரோடதும் இல்லாத ஒண்ணுக்கா பத்தொன்பது நாளா இந்த நடை நடந்தீங்க?”

காய் நறுக்கும் கத்தி வந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு முதல் மூட்டைக்கு முன் நெடுநேரம் நின்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் அசையாமல் நின்றது அப்போது மட்டும்தான். கத்தியை அரக்கில் வைத்து அழுத்தினார். அரக்கு டப்பென்று உடைந்து விழுந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஜீப் எதுவும் வரவில்லை. அடுத்த அறையில் தையல் மெஷினில் தூங்கிக்கொண்டிருந்த பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கத்தியும் தேவைப்படவில்லை. பன்னிரண்டாவது முடிச்சை மனைவி பல்லாலேயே அவிழ்த்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் அவர் வயலிலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் விதை மண்ணுக்குள் போயிருந்தது. அதற்கடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது.

காட்டு ஓட்ஸ் நன்றாக வளர்ந்தது. துரு நோய் அந்த வருஷமும் வந்தது. இலைகளை மோந்து பார்த்துவிட்டு வேறிடம் போயிற்று.

பயிர் ஓட்ஸும் வளர்ந்தது. வாரியம் சைக்கிள்களை அப்புறப்படுத்தி, பதினோரு செடிகளுக்கும் முள்வேலி போட்டு, இரண்டு காவலாளிகளை நிறுத்தியது. ஊழியர்கள் சைக்கிளை விட இடமில்லாமல் நடந்து வந்தார்கள். தினமும் காலையில் ஸ்லைடு அக்கா வேலிக்குள் போய்ச் செடிகளின் வருகையையும் எடுத்தார். கதிர் முற்றியதும் நாட்டின் முதல் முறையான ஓட்ஸ் அறுவடைக்கு நாள் குறித்து, எல்லோருக்கும் அழைப்பு போயிற்று. காட்டுத் தரப்பின் சார்பில் குதிரைத்தீனிக்கும் ஒன்று வந்தது. தன் வயலில் நாளை அறுப்பை வைத்துக்கொண்டு அவருக்குப் போக மனமில்லை. அக்கா போனில், “வாங்கண்ணே, பார்க்காம விட்டா வருத்தப்படுவீங்க,” என்று சொன்னதால் போனார்.

பந்தல், ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். செயலாளர் பேசினார். லேசாகக் காற்று வீசியது. அவர் ‘தூய்மை’ என்றபோது ஒரு மணி உதிர்ந்தது. ‘கட்டுப்பாடு’ என்றபோது நான்கு உதிர்ந்தன. காட்டு ஓட்ஸின் சுபாவம் அது. முற்றின மணியை அறுக்கிறவன் கைக்குக் கொடுக்காது, மண்ணுக்குத்தான் கொடுக்கும். குதிரைத்தீனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து, “சார், கொட்டுது,” என்று கையைக் காட்டினார். காட்டுத் தரப்பு அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. செயலாளர் ஐம்பது நிமிஷம் பேசினார். ‘நிலைத்து நிற்பது’ என்று அவர் முடித்துவிட்டுத் தலைவரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தபோது பதினோரு வெறும் தட்டைகள் நின்றன.

காலையில் தூறல் போட்டிருந்ததால் தரையில் ஈரம். ஈரம் பட்டதும் ஒவ்வொரு மணியின் முதுகு மீசையும் மெல்ல முறுக்கிக்கொண்டு சுழன்றது. சுழன்று சுழன்று மணிகள் மண்வெடிப்புக்குள் தலைகீழாகப் புகுந்தன. நாட்டின் மொத்தப் பயிரும் கண்ணெதிரே ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. வாரியம் முழுக்க, மூத்த அதிகாரி உட்பட, வெள்ளைக் கோட்டோடு மண்டியிட்டது. செயலாளர் ஒரு மீசையைப் பிடித்து இழுத்தார். மீசை மட்டும் கையோடு வந்தது.

“நாற்பது வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான்பா கொட்டுச்சு,” என்று தலைவர் குதிரைத்தீனியின் காதில் ரகசியமாகச் சொன்னார். “வேரோட வெறும் தட்டைதான் கையில வந்துச்சு. மேஜைக்கு வந்து வேர்நுனியை வெட்டிக்கிட்டேன்.”

மறுநாள் காலை அறுவடை இயந்திரம் வரப்பில் ஏறும்போது வாரியத்தின் ஜீப் வந்து நின்றது. செயலாளர் இறங்கினார். கோட்டின் முழங்காலில் மண் இன்னும் இருந்தது. பின்னாலேயே அரக்குக் குச்சிகளோடு ஸ்லைடு அக்காவும் இறங்கி, அவருக்குத் தெரியாமல் குதிரைத்தீனியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விதைக்காகக் கோணிப்பையோடு வரப்பில் காத்திருந்த பக்கத்து வயல்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“நாட்டுல இப்போ பயிர் ஓட்ஸே இல்ல,” என்றார் செயலாளர். “இது ஒரு அவசர நிலை. அதனால உங்களோடதைப் பயிர்னு அறிவிக்கலாமான்னு வாரியம் பரிசீலிக்குது.”

“சந்தோஷம் சார்.”

“பரிசீலனை முடியறவரைக்கும் அறுக்கக்கூடாது. மறுபடி எண்ணணும், கட்டமைப்பு பார்க்கணும். பழைய அறிக்கையெல்லாம் காட்டுங்கிற தலைப்புல இருக்கறதால செல்லாது. மொத்த வயலுக்கும் முத்திரை வைக்கணும்.”

முற்றின கதிர். ஒரு வாரம் போனால் மழை அடித்துப் படுத்துவிடும். குதிரைத்தீனியின் கால்கள் தாமாகவே வரப்பில் முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கின. மனைவி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து ஒரு கதிரைத் தட்டையோடு ஒடித்துச் செயலாளரின் கையில் கொடுத்தார்.

“உதறுங்க சார்.”

“எதுக்கும்மா?”

“பயிரா காடான்னு பார்க்கத்தானே வந்தீங்க. இதுல ஒரே ஒரு மணி கீழ விழட்டும். வயலுக்கு என்ன, எனக்கும் சேர்த்து அரக்கு வெச்சுட்டுப் போங்க. விழற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மெஷின் வருது.”

செயலாளர் கதிரை உதறினார். ஒன்றும் விழவில்லை. இன்னும் பலமாக உதறினார். தலைக்கு மேலே தூக்கி உதறினார். தொடையில் அடித்தார். கறுத்த மணிகள் காம்பைப் பிடித்துக்கொண்டு ஆடின.

“இந்தச் சோதனைக்கு விதி எண் என்னம்மா?” என்று கேட்டார், உதறுவதை நிறுத்தாமல்.

 ஸ்லைடு அக்கா அரக்குக் குச்சிகளை ஜீப்பின் சீட்டில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்து அவற்றின்மேல் போட்டுவிட்டு, ஒரு கோணிப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குதிரைத்தீனி மெஷின்காரருக்குக் கையைக் காட்டினார். முதல் வரிசை விழுந்தது. மத்தியானத்துக்குள் பாதி வயல் அறுத்தாகிவிட்டது. வரப்பில் செயலாளர், வேர்த்து விறுவிறுத்து, இப்போது இரண்டு கையாலும் உதறிக்கொண்டிருந்தார்.